காற்று வாங்கும் என்ஜின்

தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய், மீன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய இந்தச் சந்தைக்கு 2010 முதல் மெட்ரோவிலேயே வந்து இறங்கலாம். இருந்தாலும் பை கனக்கும் என்று காரில் வருகிறவர்கள் குறையவில்லை. வீட்டில் ஒருவர் உள்ளே மீன் பேரம் பேச, மற்றவர் ஏ.ஸி.யை ஓடவிட்டு வெளியே காத்திருப்பார். வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும் அந்த நேரத்தில்தான் சாலையில் காதில் விழாத சத்தம் ஒன்று கேட்கும்: 'உஸ்ஸ்...'

பானெட்டைத் தூக்கினால் ஐந்து நிமிடத்தில் நாலு நிபுணர்கள் கூடிவிடுவார்கள். "இஞ்ஜன் ஹவா லே ரஹா ஹை" என்பார் ஒருவர். அப்படியே தமிழில் போட்டால் 'என்ஜின் காற்று வாங்குகிறது'. தமிழில் காற்று வாங்குவது மாலை வேளையில் மெரினாவில் செய்கிற காரியம். நம்மூர் மெக்கானிக் இதையே "ஏர் இழுக்குது" என்பார். இந்த 'இழுக்குது'தான் துல்லியமான சொல். உஸ் என்றதும் ஏதோ வெளியேறுகிறது என்று நினைக்கிறோம். பெட்ரோல் காரில் பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு.

என்ஜின் சும்மா ஓடும்போது காற்று நுழையும் வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த வெற்றிடத்தோடு இணைந்த ரப்பர் குழாய்களில் ஒன்று வெடித்திருந்தாலும் அந்தக் கீறல் வழியே வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே பாயும். 45 டிகிரியைத் தொடும் தில்லிக் கோடையும் பானெட்டுக்குள் இருக்கும் சூடும் ரப்பரை அப்பளமாக்கிவிடும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

கணக்கில் வராத இந்தக் காற்றால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். என்ஜின் ஒரு சீராக ஓடாமல் ஏறி இறங்கும், சிக்னலில் அணையும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்ப்பார்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது சொல்லும். ஓட்டை எங்கே என்று சொல்லாது. அதை மட்டும் நம்பி சென்ஸாரை மாற்றினால் பணம் போகும், சத்தம் போகாது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் குழாய் இணைப்புகளின் அருகே நகர்த்துங்கள். சத்தம் பெரிதாகும் இடம்தான் ஓட்டை. சந்தேகப்படும் குழாயை இடுக்கியால் மெல்ல அழுத்துங்கள். உஸ் நின்றால் குற்றவாளி அதுதான். விசிறி, பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள்; சூடான என்ஜினில் அது தீயோடு விளையாட்டு. டேப் சுற்றி ஒப்பேற்றவும் வேண்டாம். அதே துவார அளவில் வெற்றிடத்துக்கென்றே வரும் புதுக் குழாயும் கிளிப்பும் போட்டால் வேலை முடிந்தது.

எல்லா உஸ்ஸும் ஒன்றல்ல. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சத்தம் அடங்கினால் மேலே சொன்ன கதை. மிதிக்க மிதிக்கக் கூடி, வண்டியின் இழுவையும் குறைந்தால், டர்போ பொருத்திய வண்டிகளில் காற்றுக் குழாய் பிளந்திருக்கலாம். ஏ.ஸி.யை நிறுத்தியபின் டாஷ்போர்டுக்குள் சில விநாடி கேட்கும் உஸ் இயல்பானது.

பயப்பட வேண்டிய உஸ்கள் மூன்று. பிரேக்கில் கால் வைத்திருக்கும்வரை சத்தம் நீடித்து, பெடலும் கல்லாக இருந்தால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் காற்றை இழுக்கிறது. என்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை ஓட்டாதீர்கள்.

அடுத்தது ரேடியேட்டர். அதுவும் ஒரு பிரஷர் குக்கர்தான். மூடியின் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ஆவியோடு உஸ் கேட்டால் என்ஜினை நிறுத்தி அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

மூன்றாவது சி.என்.ஜி. பஸ்களை இந்த எரிவாயுவுக்கு மாற்றும்படி 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நகரம் இது. பிறகு கார்களும் ஏராளமாக மாறின. சிலிண்டரில் உள்ள அழுத்தம் டயரில் இருப்பதைப்போல சுமார் நூறு மடங்கு. பின்பக்கம் உஸ்ஸும் வாயு வாடையும் வந்தால் என்ஜினை அணையுங்கள்; கதவுகளைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள்; எட்டுமானால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். எந்த ஸ்விட்சும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். சி.என்.ஜி. காற்றைவிட லேசானது, திறந்த வெளியில் மேலே போய்விடும். கசிவைச் சரிசெய்வது அந்த வேலை தெரிந்தவருக்கு மட்டுமே. சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். சான்றிதழின் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

சத்தங்களுக்கென்றே இரட்டைக்கிளவி வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆனால் மெக்கானிக்கிடம் போனால் "என்னமோ சத்தம் வருது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எப்போது வருகிறது, எந்தப் பக்கம், ஆக்ஸிலரேட்டரையோ பிரேக்கையோ மிதித்தால் என்ன ஆகிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். எந்தப் பாகம் கெட்டது என்று நீங்கள் சொல்லாதீர்கள். சொன்னால் அதைத்தான் மாற்றுவார்.