இரண்டு ஷிஃப்ட் தேர்வும் அளவீட்டு மாநாடும்



முதுநிலை நீட் தேர்வை ஒரே ஷிஃப்டில் நடத்த வேண்டும் என்று 2025 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். வழக்கு விவரம் தெளிவு. ஆனால் இரண்டு ஷிஃப்டில் நடத்தினால், காலைத் தாளும் மாலைத் தாளும் ஒரே அளவு கடினமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைக் கட்டுரை தொடவே இல்லை.

இந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அமெரிக்காவில் 1938 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. கல்வி அளவீட்டுக்கான தேசியக் குழு என்று பெயர். ஆண்டுதோறும் கூடுகிறார்கள்; 2025 ஏப்ரலில் டென்வரில் கூடினார்கள், 2026-ல் லாஸ் ஏஞ்சல்ஸ். இத்துறையினர் நெடுநாளாகக் கையாளும் வழி இது: இரண்டு தாளிலும் பொதுவாகச் சில கேள்விகளை வைப்பார்கள். அவற்றை இரு பிரிவினரும் எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிட்டால், மதிப்பெண் வித்தியாசத்தில் மாணவர் திறமை எவ்வளவு, தாளின் கடினம் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். பல ஷிஃப்டில் நடக்கும் நம் ஜேஇஇ மெயின் பொறியியல் நுழைவுத் தேர்வின் பெர்சன்டைலோ, எல்லா ஷிஃப்டிலும் எழுதியவர்கள் ஏறக்குறைய சமத் திறமையுள்ளவர்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. லட்சக்கணக்கானோரைக் கலைத்துப் போட்டு உட்காரவைத்தால் அது பெரும்பாலும் பொருந்தும். சிறிய ஷிஃப்டில் ஆட்டம் காணும்.

பொதுக் கேள்விகள் கசியும் ஆபத்து உண்டு. வினாத்தாள் கசிவைப் பார்த்துப் பார்த்து நொந்த நமக்கு அது சின்ன விஷயமல்ல. அதையும் சேர்த்தே விவாதிக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்தைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தசமப் புள்ளியில் பிள்ளையின் சீட் போய்விடுமோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் பெற்றோர் வரி விடாமல் படிப்பார்கள்.

— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருநெல்வேலி