அந்த கேம் பெட்டி காப்பியா? கேட்டவனுக்குப் பதில்



போன ஞாயிற்றுக்கிழமை நான் கையில் ஒரு சின்ன வீடியோ கேம் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் படத்தை என் மகள் எடுத்துப் போட்டாள். "அறுபத்தெட்டு வயசுல அத்தானுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று கொழுந்தியா எழுதியதிலிருந்து "சார், எத்தனாவது லெவல்?" என்பது வரை நிறைய வந்தது. எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் முடியவில்லை. 1996ல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் என்னிடம் படித்த ஒரு பையன் (இப்போது அவன் மகனே பத்தாவது படிக்கிறான்) இப்படிக் கேட்டிருந்தான்: "சார், அரையாண்டுப் பரீட்சைல காப்பி அடிச்சேன்னு என்னை வராந்தால முட்டி போட வெச்சீங்க. இப்ப உங்க கையில இருக்கறது முழுசும் காப்பிதானே?"

அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தீர்கள். பார்த்தேன்.

பேரைச் சொல்ல மாட்டேன். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் மூன்று தனித்தனிக் கணக்கை ஒரே வரியில் போட்டு ஒரே விடை எழுதியிருக்கிறான். அந்தப் பழக்கம் அவனுக்கு அப்போதே உண்டு.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேரன் பிறந்த நாளுக்கு மகள் இணையத்தில் வாங்கியது. நாலே நாளில் அவன் செல்போனுக்குத் திரும்பிவிட்டான். சும்மா கிடந்ததை நான் எடுத்தேன். சட்டைப் பையில் அடங்குகிறது. திரை 3.5 அங்குலம், 640க்கு 480 புள்ளி. பழைய நின்டெண்டோ, சேகா, பிளேஸ்டேஷன் இயந்திரங்கள் செய்த வேலையை மென்பொருளால் அப்படியே நடித்துக் காட்டுகிறது. அந்த நடிப்புக்குத்தான் எமுலேட்டர் என்று பேர்.

பட்டன்கள் அழுத்தமாக இருக்கின்றன, என் கட்டைவிரல் வாதத்துக்கும் ஒத்துவருகின்றன. மெனு எழுத்துதான் எறும்பு சைஸ். அதிலிருக்கும் இங்கிலீஷை எழுதியவர் என் வகுப்பில் இருந்திருந்தால் வேறு பள்ளிக்கூடம் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனால் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1989ல் வந்த கேம்பாயின் திரை 160க்கு 144 புள்ளி. அதை மூன்றால் பெருக்கினால் 480க்கு 432. இந்தத் திரைக்குள் முழு மடங்காக உட்கார்ந்துவிடுகிறது, ஒரு புள்ளிகூடப் பிசகுவதில்லை. பின்னால் வந்த கேம்பாய் அட்வான்ஸின் திரை 240க்கு 160. அதைத் திரை முழுக்க விரித்தால் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மடங்கு வருகிறது. அதனால்தான் அந்த ஆட்டங்களில் மட்டும் ஓரங்கள் லேசாகக் கலங்குகின்றன. விகிதமுறு எண், பின்னம் எல்லாம் எதுக்கு சார் என்று கேட்டவர்கள் இதைப் படிக்கவும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆட்டத்தை எந்த நொடியிலும் உறைய வைத்து, பிறகு அதே நொடியிலிருந்து தொடரலாம். பள்ளத்தில் விழுவதற்கு முன்னால் ஒரு தடவை உறைய வைத்துக்கொண்டால் சாவே கிடையாது. இதை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். இதுவும் காப்பிதான் என்றால் அந்த ஒரு குற்றத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இனிமேல் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்தைப் போல நடந்துகொள்வது திருட்டு ஆகாது. இது என் சொந்தக் கருத்து இல்லை. 1999ல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி, பிளேஸ்டேஷன் ஆட்டங்களை மெக்கின்டாஷ் கணினியில் ஓட்டும் மென்பொருளைச் செய்தது. சோனி வழக்குப் போட்டது. 2000ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. தோற்ற சோனி என்ன செய்தது தெரியுமா? அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. ஆகவே பெட்டியைக் காப்பி என்று சொன்ன பகுதிக்கு உனக்குப் பூஜ்யம்.

ஆனால் பெட்டியோடு ஒரு மெமரி கார்டு வந்ததே! அட்டையில் '10,000 ஆட்டங்கள்' என்று பெருமையாகப் போட்டிருந்தது. அங்கே உன் விடை சரி. அது திருட்டுச் சரக்குதான். சுற்றி வளைத்துப் பேச மாட்டேன்.

அந்தக் கார்டைப் பார்த்ததும் எனக்குத் தொண்ணூறுகள் ஞாபகம் வந்தது. உங்களில் பலர் வீட்டில் டிவியோடு மாட்டிய கேம் செட் இருந்தது. மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று ஒட்டியிருக்கும். உள்ளே பார்த்தால் பத்திருபது ஆட்டம்தான், பேரை மாற்றிக் கட்டத்தை மாற்றித் திரும்பத் திரும்ப வரும். இந்த 10,000மும் அதே ரகம். ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என்று ஒரே ஆட்டத்தை மூன்றாக எண்ணியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் பொய் சொல்வது கணக்கு வாத்தியாருக்குத் தனி எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கேசட்டுகள் பலவற்றில் முதல் திரையில் இருக்க வேண்டிய கம்பெனி பேரையும் ஆண்டையும் துடைத்தே விட்டிருப்பார்கள். நீங்கள் ராத்திரி பகலாக கான்ட்ரா ஆடினீர்கள். அதைச் செய்தது கொனாமி என்று எத்தனை பேருக்குத் தெரிந்தது? திருவிழாக் கடையில் அழுது அடம்பிடித்து வாங்கிய பிரிக் கேம் இருக்கிறதே, அந்தக் கட்டை அடுக்கும் ஆட்டத்தை 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் எழுதினார். அதுதான் டெட்ரிஸ். உலகமே ஆடியது. அவருக்கு ராயல்டி வர ஆரம்பித்தது 1996ல்தான். இதே பையன் வராந்தாவில் முட்டி போட்ட வருஷம்!

செய்தவன் பேரைத் துடைப்பது திருட்டுக் கேசட்காரன் மட்டும் செய்த வேலை என்றும் நினைக்காதீர்கள். அட்டாரி கம்பெனி தன்னிடம் வேலை பார்த்தவர்கள் பேரை ஆட்டத்தில் போட விடவில்லை. அந்தக் கடுப்பில் வெளியேறிய நாலு பேர் சேர்ந்துதான் 1979ல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் என்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். 'அட்வென்ச்சர்' என்ற ஆட்டத்தில் யார் கண்ணுக்கும் எளிதில் படாத ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதற்குள் தன் பேரை எழுதி வைத்துவிட்டுப் போனார். முதலாளிக்குத் தெரியாமல் தன் விடைத்தாளில் தன் பேரை எழுதிக்கொள்ள வேண்டிய நிலைமை!

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985ல் வந்தது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட், அதாவது 40,960 பைட். நீங்கள் தினமும் குடும்பக் குரூப்பில் அனுப்பும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிசு. அதற்குள் அத்தனை கட்டத்தையும் அடைக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மிக அழகான சுருக்குவழிகளில் இது ஒன்று. மியாமோட்டோவும் தெசுகாவும் வடிவமைத்தது, இசை கோஜி கோண்டோ. 10,000 என்று அட்டையில் அச்சடித்தவருக்கு இதில் ஒரு பேரையாவது போட இடமில்லாமல் போயிற்று.

இதுவரை படித்துவிட்டு, 'அப்போ சாரே ஒத்துக்கிட்டார்' என்று கிளம்பிவிடாதே. மூன்றாவது கணக்கு பாக்கி இருக்கிறது. அதைத்தான் நீ தொடவே இல்லை.

கடையில் விலை போட்டு வைத்திருக்கிற பொருளை எடுத்தால் திருட்டு. சரி. விற்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன், நூலகம் வைத்துக் காட்டவும் விட மாட்டேன் என்றால் அதற்கு என்ன பேர்? அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன்னால் அந்த நாட்டில் வந்த ஆட்டங்களில் 100க்கு 87 இன்றைக்குக் காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது. அதே வருஷம் மார்ச்சில் நின்டெண்டோ தன்னுடைய 3டிஎஸ், வீ யூ இயந்திரங்களுக்கான இணையக் கடையை இழுத்து மூடியது. அங்கே மட்டும் விற்ற ஆட்டங்கள் அன்றோடு சரி. சில பழைய ஆட்டங்களை இப்போது சந்தாவுக்குக் காட்டுகிறார்கள். சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும்.

நூலகங்களாவது ஆராய்ச்சியாளர்களுக்குத் தூரத்திலிருந்து காட்டலாமா என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் மறுத்துவிட்டார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, ஆராய்ச்சி என்று வாங்கிப்போய் யாராவது பொழுதுபோக்காக ஆடிவிடுவார்களாம். பழைய நாவலை நூலகத்தில் எடுத்தவன் ரசித்துப் படித்துவிடுவான் என்று பயந்து பூட்டி வைப்பதுபோல!

காலம் போனால் தானாகப் பொதுவாகிவிடுமே என்பீர்கள். அமெரிக்கச் சட்டப்படி கம்பெனி செய்த படைப்புக்கு, வெளிவந்ததிலிருந்து 95 வருஷம். மரியோவுக்கு 1985 கூட்டல் 95, அதாவது 2080 முடிய வேண்டும். கேம்பாய் கேசட்டுக்குள் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பொத்தான் பேட்டரி பதினைந்து இருபது வருஷத்தில் தீர்ந்துவிடுகிறது. குறுந்தகடு தானே அரிக்கிறது. 2081 ஜனவரியில் கதவு திறக்கும்போது உள்ளே என்ன மிச்சம் இருக்கும்?

நமக்கு இது புதுசு இல்லை. பாரதியார் பாட்டின் உரிமை தனியார் கையில் இருந்த காலம் உண்டு. 1949ல் அன்றைய சென்னை அரசு அதைத் தன் கைக்கு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அதற்கும் முந்தி ஓலைச்சுவடியில் ஒரு படி அழியும் முன்னால் இன்னொரு படி எடுத்தவர்கள் இல்லாவிட்டால் நம்மிடம் ஒரு இலக்கியமும் இருந்திருக்காது. அவர்களும் பார்த்து எழுதியவர்கள்தான். யாரும் மூல ஆசிரியர் பேரை அழித்துத் தன் பேரை எழுதிக்கொண்டு பத்து மார்க் கேட்கவில்லை. நீ கேட்டாய். பக்கத்துப் பையன் வர்க்கமூலத்தில் விட்ட தப்பையும் சேர்த்து இறக்கிவிட்டு உன் பேரில் கேட்டாய். அதனால்தான் அந்தத் தாளுக்குப் பூஜ்யம் போட்டேன். இப்போதும் போடுவேன்.

வராந்தாவில் முட்டி போட வைத்தது தப்பு. அதை அன்றைக்கே உணர்ந்தேன் என்று சொன்னால் பொய். ரிட்டயர் ஆன பிறகுதான் உணர்ந்தேன். அதற்கு எல்லார் முன்னாலும் இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

'100க்கு 87 கிடைக்காதுன்னா கார்டை வெச்சுக்கலாமே சார்' என்று இன்னொருவன் கிளம்புவான். மிச்சம் 13 இருக்கிறதே தம்பி! அதுவும் அந்தக் கார்டில்தான் கிடக்கிறது, இன்றைக்குக் கடையில் விற்கிற ஆட்டம், செய்தவன் பிழைப்பு. எது கிடைக்காதது, எது கிடைப்பது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக அள்ளிப் போட்டுக் காசு பார்த்தவருக்கு 87ஐக் காட்டித் தப்பிக்க உரிமை இல்லை. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக ஒரு மென்பொருளை வைத்திருப்பவன் பாதுகாப்புக்காகப் படி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நல்ல சலுகை. ஆனால் என்னிடம் அசல் கேசட் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அது எனக்குப் பொருந்தாது.

அதனால் கார்டைக் கழற்றி ஒரு கவருக்குள் போட்டு, மேலே 'காப்பி' என்று எழுதி பீரோவில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை ஒரு புதுக் கார்டு வாங்கி வந்து ஏற்பாடு பண்ணிக் கொடுத்தார். அதில் இப்போது இருப்பவை மூன்றுதான். 'டோபு டோபு கேர்ள்', கேம்பாய்க்காகச் சமீப வருஷங்களில் செய்து நிரலோடு இலவசமாக விட்டிருக்கிறார்கள். 'மைக்ரோ மேஜஸ்', 2019ல் மார்ஃப்கேட் என்ற குழு பழைய நின்டெண்டோவுக்காகவே செய்தது. மரியோ அடங்கிய அதே 40 கிலோபைட்டுக்குள் அடக்குவேன் என்று பந்தயம் கட்டின மாதிரி செய்திருக்கிறார்கள். காசு கொடுத்துக் கோப்பாகவே வாங்கினேன். 'கேவ் ஸ்டோரி', தைசுகே அமயா என்ற ஒரே ஆள் ஐந்து வருஷம் உழைத்து 2004ல் இலவசமாகக் கொடுத்தது. 10,000த்தில் ஒன்றையும் நான் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆடவில்லை. இந்த மூன்றை மூன்று வாரமாக ஆடுகிறேன், ஒன்றும் முடிந்தபாடில்லை.

பீரோவில் இருக்கும் கவரில், எங்கேயும் விலைக்குக் கிடைக்காத ஒரு ஜப்பான் கட்ட விளையாட்டு இருக்கிறது. பாதியில் விட்டேன். ஒரு தடவை கவரைத் திறக்கவும் போனேன். அந்த ஒன்று விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை.

கேட்டவனே, உன் மகனுக்கு அரையாண்டு லீவு வருகிறது. 'ஜிபி ஸ்டூடியோ' என்று ஒரு மென்பொருள், கிறிஸ் மால்ட்பி என்பவர் செய்தது, இலவசம். நிரல் எழுதத் தெரியாத பையனும் அதில் கேம்பாய்க்கு ஒரு ஆட்டம் செய்துவிடலாம். அவனை உட்காரச் சொல். முதல் திரையில் அவன் பேர் இருக்க வேண்டும், நண்பன் உதவி செய்திருந்தால் நண்பன் பேரும். கோப்பை எனக்கு அனுப்பு. என் பெட்டியில் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு மார்க் சொல்கிறேன்.