வேலூர் தேர்ந்தெடுத்த வைரஸ்

ஹீமோஃபீலியா 'ஏ' உள்ள ஒருவருக்குத் திருப்பூர் கட்டிங் மேசையில் கை கிழிந்தால் ரத்தம் எளிதில் நிற்காது; ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி ஊசிதான் பெரும்பாலும் கதி. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்தக் காரணிக்கான மரபணுவையே ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் வந்த முடிவு: சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. மரபணுவைச் சுமக்கும் ஏஏவி என்ற வைரஸை நேரே உடம்பில் ஏற்றும் பழகிய வழியை அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வைரஸை எதிர்க்கும் சக்தி பலரது ரத்தத்தில் முன்பே உண்டு. பெருக முடியாதபடி முடக்கிய லென்டிவைரஸைக் கொண்டு (எச்.ஐ.வி.யின் குடும்பம்தான்!) நோயாளியின் ஸ்டெம் செல்களை உடம்புக்கு வெளியே மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். கெட்டிக்காரத்தனமான தேர்வு. ஆனால் இது மரபணுத் தொகுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் வைரஸ்; தவறான இடத்தில் ஒட்டினால் பின்னாளில் ஆபத்து வரலாம். ஆகவே பல்லாண்டுக் கண்காணிப்புக்கு அரசு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.