தாதியர் கமிஷனுக்குத் தலைவர் யார்?

செஞ்சிக் கோட்டையை 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். நமக்கும் அதில் மகிழ்ச்சியே. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்க்க வருகிறவர்கள் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் வியந்துவிட்டுச் சாயங்காலமே ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரவில் இங்கே தங்கியிருக்கிற ஜனங்களுக்கு வேறு கவலைகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

செஞ்சியைப் போன்ற தாலுகா ஊர் ஒன்றில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை காண்கிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது. வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். கத்தி இருக்கிறது, மேசை இருக்கிறது, கீறத் தெரிந்த கையும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பவர் மட்டும் இல்லை. உடனே ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரி அதைவிடத் தூரம். இதை எந்த ஓர் ஆஸ்பத்திரியின் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. தேசமெங்கும் கிராமப்புறங்களில் உள்ள குறை இது. சர்க்காரும் இதை அறியாமலில்லை. விசேஷப் பட்டம் பெற்ற நிபுணர்கள் தாலுகா ஊர்களுக்கு வரமாட்டார்கள் என்று கண்டுகொண்டு, சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்து அனுப்பும் திட்டம் ஒன்றை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார்கள். அது நல்ல திட்டமே. ஆனால் எத்தனையோ வருஷங்களாக ஆபரேஷன் அறையில் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும் நர்ஸைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நர்ஸாவது, மயக்க மருந்து கொடுப்பதாவது என்று நேயர்களில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். டாக்டர் அல்லாதார் அதைத் தொடலாகாது என்பது ஆங்கிலேயரின் வழக்கம். அவர்கள் போன பிறகும் அந்த வழக்கத்தை நாம் சாஸ்திரமாகப் போற்றி வருகிறோம். செஞ்சிக் கோட்டையை 1750இல் ஓர் இரவிலே பிடித்து 1761 வரையில் வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய நாட்டில் இதற்கென்றே படித்து, ராஜாங்கத்தின் டிப்ளமா பெற்ற நர்ஸுகள் இருக்கிறார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு நூற்றாண்டைக் கடந்த தொழில். அங்கே மேயோ சகோதரர்களின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்னும் நர்ஸ், மயக்க மருந்தினால் ஒரு மரணமும் நேராமல் 14,000க்கு மேற்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்த கணக்கை 1906இல் பிரசுரித்தார். அன்றைய ஈதரையும் குளோரபாரத்தையும் வைத்துக்கொண்டு செய்த காரியம் அது. குளோரபாரம் நெஞ்சை நிறுத்துகிறதா, மூச்சை நிறுத்துகிறதா என்று 1888லும் 1889லும் நிஜாமின் செலவில் ஹைதராபாதில் இரண்டு கமிஷன்கள் கூடி ஆராய்ந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

அமெரிக்க டாக்டர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வழக்குகள் நடந்தன. கென்டக்கி மாகாணத்தில் பிராங்க் என்னும் சஸ்திர வைத்தியரும் அவரிடம் வேலை பார்த்த நர்ஸ் மார்கரெட் ஹாட்பீல்டும் அப்பீல் கோர்ட்டு வரையில் போய் 1917இல் ஜெயித்தார்கள். காலிபோர்னியாவில் டாக்மர் நெல்ஸன் என்னும் நர்ஸின் மீது டாக்டர்களே வழக்குத் தொடுத்தார்கள். சஸ்திர வைத்தியரின் மேற்பார்வையில் நர்ஸ் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதமாக வைத்தியத் தொழில் நடத்துவதாகாது என்று 1936இல் அந்த மாகாணத்து சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் கோர்ட்டிலே ஜெயித்துவிட்டதால் ஜனங்களின் நம்பிக்கை வந்துவிடாது என்பதை அந்தப் பெண்கள் உணர்ந்திருந்தார்கள். 1931லேயே அகதா ஹாட்ஜின்ஸ் என்பவரின் முயற்சியால் அவர்கள் ஒரு சங்கம் கூட்டியிருந்தார்கள். 1945இல் தங்களுக்குத் தாங்களே ஒரு பரீட்சையை விதித்துக்கொண்டார்கள். தேறாதவருக்குச் சான்றில்லை. (1947 வரையில் அந்தச் சங்கத்தில் ஆண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் ஆடவர்கள் ஆகையால் இதைக் குறிப்பிட்டு வைக்கிறோம்.)

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது. உறுப்பினருக்காக வாதாடும் சங்கமே அவர்களுடைய தகுதிக்குச் சான்றும் கொடுத்துவந்தால் அந்தச் சான்றுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழுந்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது வக்கீல் குமாஸ்தாவுக்குக்கூடத் தெரிந்த விதி. 1975இல் பரீட்சைக் காரியத்தைச் சங்கத்தின் நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தனிக் கவுன்ஸிலிடம் விட்டார்கள். 2007இல் அதுவும் போதாதென்று, சங்கத்துக்குக் கட்டுப்படாத தனி ஸ்தாபனமாகவே ஒரு தேசிய சபையைப் பதிவு செய்தார்கள். அதை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலைச் செய்கிறவர்களே. பொதுஜனங்களின் சார்பிலும் ஓர் ஆசனம் உண்டு. 2016 முதல், ஒரு தடவை பெற்ற சான்று ஆயுளுக்கும் போதாது, எட்டு வருஷச் சுற்றில் மறுபடியும் தகுதியைக் காட்டவேண்டும் என்று அந்தச் சபை விதித்தது. சொந்தத் தொழிலினர் முகம் சுளித்தாலும் இப்படி ஒரு விதியைப் போடத் துணிவு வேண்டும். அடுத்த தேர்தலில் அவர்களுடைய வோட்டை எதிர்பார்க்கும் சங்கத் தலைவருக்கு அந்தத் துணிவு சுலபத்தில் வராது. தொழிலையே அறியாத அதிகாரி ஒருவருக்கு எந்த விதி தேவை என்பதே தெரியாது.

ஆபரேஷன் மேசையின் மேல் கிடப்பவரின் நிலையை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். கடைக்காரன் எடை குறைத்தால் சண்டை பிடிக்கலாம். வக்கீல் சரியாக வாதாடாவிட்டால் வக்காலத்தை மாற்றலாம். மயக்கத்தில் கிடப்பவரோ தம் மூச்சை யார் கையில் ஒப்புவித்திருக்கிறார் என்பதைக்கூட அறியமாட்டார். அவருக்காக முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது சான்றளிக்கும் சபை ஒன்றுதான். அதன் தலைவரே அவருடைய வக்கீல். அந்தத் தலைவர் யாரால் அமர்த்தப்பட்டார், யாருக்குப் பயப்படுகிறார் என்று கேட்பது வெறும் பதவிச் சண்டையல்ல.

நம் நாட்டில் இதற்கென்று ஒரு சபை கிடையாது. நர்ஸ் மயக்க மருந்து கொடுப்பதை ஒரு தொழிலாகச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. என்றாலும் என்றைக்காவது அதை அங்கீகரிக்கவேண்டி வந்தால் யாரிடம் அந்த அதிகாரம் போய்ச் சேரும் என்பதை இன்றே பார்த்துவைப்பது நல்லது. 1947ஆம் வருஷத்திய சட்டத்தினால் ஏற்பட்ட இந்திய நர்ஸிங் கவுன்ஸிலுக்கு ஒவ்வொரு ராஜ்யத்துக் கவுன்ஸிலும் ஒரு நர்ஸைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். டாக்டர்களின் பிரதிநிதிகளும் சர்க்கார் நியமனங்களும் அதில் உண்டு. ஆனால் அங்கத்தினர்கள் தங்களுக்குள்ளே ஒருவரை அக்கிராசனராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் கொடுத்திருந்தது. சுதந்திரம் வந்த வருஷத்தில் பிறந்த சட்டத்துக்கு அது அழகாகவே இருந்தது. 2023இல் பார்லிமெண்டு அதை ரத்துச் செய்வதற்காகத் தேசிய தாதியர், பேறுகால உதவியாளர் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய கமிஷனில் 29 பேர். தலைவர் தாதித் தொழிலில் மேற்பட்டமும் 20 வருஷ அனுபவமும் உள்ளவராக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது மெச்சத் தகுந்த விதி. ஆனால் அவரை அமர்த்துவது, ஒரு தேர்வுக் குழுவின் சிபார்சின் மேல், மத்திய சர்க்கார். கமிஷனில் சுகாதார இலாகாவும் தேசிய வைத்தியக் கமிஷனும் ராணுவ நர்ஸுகளும் அதிகார முறையில் இடம் பெறுகிறார்கள். 33 லட்சத்துக்கு மேல் பதிவு பெற்ற நர்ஸுகள் உள்ள தேசத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வோட்டு இல்லை.

தேர்தலை ஏன் கைவிட்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். டாக்டர்களின் பழைய மெடிகல் கவுன்ஸிலில் தேர்தல் இருந்தது. அதன் தலைவர் லஞ்சப் புகாரில் 2010இல் கைதானார். கவுன்ஸிலையே கலைக்க நேர்ந்தது. 2019ஆம் வருஷத்திய சட்டம் நியமனக் கமிஷனைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்தே தாதியருக்கும் சட்டை தைத்தார்கள். டாக்டர்களின் கவுன்ஸில் செய்த குற்றத்துக்கு நர்ஸுகள் வோட்டை இழந்தது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. நாம் வக்கீல் தொழிலைச் சேர்ந்தவர்கள். நம் பார் கவுன்ஸில்களுக்கு 1961ஆம் வருஷத்திய சட்டப்படி நாமே வோட்டுப் போடுகிறோம். அந்தத் தேர்தல்கள் யாவும் மகான்களின் சபையைக் கொண்டுவந்திருக்கின்றன என்று சொன்னால் நம் சகோதர வக்கீல்களே சிரிப்பார்கள். ஆயினும் அந்த உரிமையைப் பறித்துக்கொள்கிறோம் என்று யாரேனும் வந்தால் மறுநாள் ஒரு கோர்ட்டும் நடக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆபரேஷன் மேசையைச் சுற்றி நிற்கிறவர்களில் டாக்டர் 2019ஆம் வருஷத்துக் கமிஷனின் கீழ் வருகிறார். மயக்க மருந்துக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு 2021இல் இயற்றிய சட்டத்தின்படி வேறொரு கமிஷன். நர்ஸுக்கு 2023ஆம் வருஷத்தது. ஒரே நோயாளியின் தலைமாட்டில் மூன்று கமிஷன்கள் நிற்கின்றன. நாளைக்கு நர்ஸுக்கு மயக்க மருந்துச் சான்று என்ற பேச்சு எழுந்தால், டாக்டர்களின் கமிஷன் ஆட்சேபிக்கும். டெக்னீஷியன்களின் கமிஷன் அது எங்கள் எல்லை என்னும். அப்போது உரத்துப் பேசவேண்டியவர் தாதியர் கமிஷனின் தலைவர். சுகாதார இலாகாவின் தயவில் ஆசனம் பெற்றவர் எவ்வளவு தூரம் பேசுவார்? தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாச யந்திரங்களை நடத்தும் அளவுக்கு நர்ஸுகளுக்கு இரண்டு வருஷ மேற்படிப்பைப் பழைய நர்ஸிங் கவுன்ஸில் 2017இல் ஏற்படுத்தியது. ஆகவே திறமை இல்லை என்ற வாதம் செல்லாது.

செஞ்சிக் கோட்டைக்கு பீஜப்பூரிலிருந்தும் தில்லியிலிருந்தும் கில்லேதார்களை அனுப்பிய காலம் உண்டு. அனுப்பியவர்களின் பலம் குன்றியபோது, கில்லேதாரும் உள்ளிருந்த ஜனங்களும் தனித்து நின்றார்கள். மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில் அப்போது யாருக்கும் உதவவில்லை.

சட்டம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. அதைத் திருத்துவது பார்லிமெண்டின் வேலை. ஆனால் ராஜ்யங்களுக்கும் அதே சட்டப்படி பத்துப் பேர் கொண்ட கமிஷன்கள் உண்டு. 1926லேயே தாதியருக்குச் சட்டம் செய்துகொண்ட சென்னை ராஜதானியின் வாரிசான தமிழ்நாட்டு சர்க்கார் இவ்விஷயத்தில் வழிகாட்டலாம். சட்டம் நியமனம் செய்யச் சொல்கிறதே தவிர, நியமிப்பதற்கு முன் எவரையும் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. பதிவு பெற்ற நர்ஸுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு அனுப்பி, தலைவர் ஸ்தானத்துக்கு ஐந்து பேரைக் குறிக்கச் சொல்லலாம். அதிக வோட்டுப் பெற்ற பெயர்களைத் தேர்வு செய்கிறவர்களின் முன் வைக்கலாம். சங்கத்தில் பதவி வகிப்பவரும் நர்ஸிங் கல்லூரி நடத்துகிறவரும் அந்த ஜாபிதாவில் இடம் பெறலாகாது என்று ஒரு நிபந்தனை போடவேண்டும். வட்டார ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு முறை பார்த்த அனுபவம் ஐந்து வருஷமாவது இருக்கவேண்டும் என்று இன்னொன்று சேர்த்தால் நமக்குப் பரம திருப்தி. நம் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் வருகிற கூட்டத்தில் சுகாதார மந்திரியிடம் இதைக் கேள்வியாகக் கேட்பார்களா?