கடல்தான் கொல்லும் என்று யார் சொன்னது?

பட்டிப்பொலப் பக்கம் ஒரு குடும்பம் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ குடிபோக யோசிக்கிறது என்று வெளியே தெரிந்தால் போதும், இஸ்தோப்பில் வெற்றிலை மெல்லும் பெரியவரிலிருந்து கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா வரை எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி வரும்: "கடக்கரைக்கா? அங்க பொயலு அடிக்குமே! புள்ளகுட்டிய வச்சிக்கிட்டு செய்யிற வேலையா இது?" கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புயல் கடற்கரைக்காரன் தலையெழுத்து, மலையில் இருப்பவனுக்கு அந்தக் கவலை இல்லை என்பதே அது. மலையகத்தில் இதைவிட ஆழமாக வேரோடிய நம்பிக்கை குறைவு. இதைவிடப் பொய்யானதும் குறைவு.

பட்டிப்பொலவில் நின்றுகொண்டு அதைப் பொய் என்று சொல்வது கடினம் என்பது எனக்கும் தெரியும். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் இங்கேதான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல், பனியும் கரட் பாத்தியும் அம்பேவெல மாட்டுப்பண்ணையுமாகக் கிடக்கும் ஊர். கடல் இங்கே ஏறிவர முடியாது. அதை யார் மறுத்தார்கள்? ஆனால் புயலில் சாவதற்குக் கடல் வீட்டுக்கு வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வாவை எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது ஒரு சாதாரணப் புயல். பெயர் வைப்பதற்குத் தேவையான வேகத்தைத் தாண்டியது, அதற்கு மேல் பெரிதாகப் போகவில்லை. கிழக்குக் கரையில் ஏறி, வடக்கு நோக்கி ஊர்ந்து, மறுபடி கடலுக்குள் இறங்கியது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காணாமல் போனவர்கள் கணக்கு தனி. செத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கண்டி, பதுளை, நுவரெலியா என்ற மூன்று மலை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மூன்றில் ஒன்றுக்குக்கூடக் கடற்கரை கிடையாது. புயல் முதலில் கால் வைத்த கிழக்குக் கரையில் இறந்தவர்கள் இவர்களைவிட மிகக் குறைவு. மூதூர், வெருகல் பக்கத்தை மூழ்கடித்த வெள்ளத்திலும் பெரும்பகுதி கடலிலிருந்து வந்ததல்ல. அது மலையில் பெய்து மகாவலியில் இறங்கிய நீர். மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததும் அதன் பாரத்தில்தான். கடற்கரையைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அந்த நாளில் கடற்கரைதான் நம்மைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடமே சொல்லிவிடும். தரைக்கு வந்ததும் புயலின் காற்று தளரும். அது சுமந்துவரும் ஈரம் தளராது. அந்த ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்ததும் மொத்தமாகக் கொட்டும். சமவெளியில் பரவி ஓடக்கூடிய மழை இங்கே சரிவுக்குள் இறங்குகிறது. மண் குடிக்கிற அளவு குடித்துவிட்டு, பிறகு பாறையை விட்டு வழுக்குகிறது. அந்தச் சரிவில் என்ன இருந்தது, எப்போது வெட்டப்பட்டது என்பதும் கணக்கில் சேரும். ஆழ வேரோடிய காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள், கோப்பி நோயில் போனதும் தேயிலை நட்டார்கள். ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவையுங்கள் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே சொன்னார். பட்டிப்பொலவைச் சுற்றி இன்றும் காடு நிற்கிறதென்றால் அந்தச் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு. அதற்குக் கீழே, தோட்டத்து வரிசை வீடுகளான நம்முடைய லயங்கள் நிற்கும் சரிவுகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை.

"சரி, மலை சரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். கடற்கரையில் மட்டும் சாகவில்லையா?" என்று கேட்பார்கள். செத்தார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றது. தென்னந்தோப்புகள் பாயாகச் சாய்ந்து கிடந்ததை அந்தத் தலைமுறை இன்னமும் சொல்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை புயலே அல்ல, ஆனாலும் கடலின் கணக்கில்தான் சேரும். இதையெல்லாம் மறைத்துவிட்டு யாரையும் கடற்கரைக்கு அழைப்பது அயோக்கியத்தனம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புயல் சொல்லிவிட்டு வருகிறது. வங்காள விரிகுடாவில் அது உருவாகும்போதே செய்மதி பார்த்துவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்று இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஓரளவு சொல்ல முடிகிறது. ஓடுவதற்கு அவகாசம் இருக்கிறது, ஓடிப்போய்ச் சேர ஓர் இடமும் இருந்தால் மனிதன் பிழைக்கிறான். ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள். அதே கரையை 2013இல் பைலின் என்ற கடும்புயல் அடித்தபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் இறப்பு சில பத்துகளில் நின்றது. 1970இல் ஒரே புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் பறிகொடுத்த வங்கதேசமும் அதே பாடத்தைத்தான் படித்தது. நம்முடைய கரையிலேயே 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே ஏறியது. அதுவும் வலுக்குறைந்த புயல்தான், டித்வாவைப் போல. சனங்களை முன்பே பாடசாலைகளுக்கும் மண்டபங்களுக்கும் மாற்றினார்கள். 1978ஐ நினைத்துப் பயந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

மண்சரிவுக்கு அந்த மரியாதை தெரியாது. ஒரு மாவட்டத்தில் ஆபத்து என்று சொல்லலாம், ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கலாம். எந்த லயத்துக்குப் பின்னாலுள்ள மண் இன்றிரவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்கத் தொடங்கினால் கையிலிருப்பது நிமிடங்கள்தான். டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறையும் பரவலாக எழுந்தது.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எளிய மழைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் கிளம்பத் தயாராகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், ஒரு மழைமானி போதும். நம் தோட்டங்களில் அது எப்போதிருந்தோ இருக்கிறது. காலையில் அளந்து கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். கொழுந்து எப்படி வரும், உரம் எப்போது போடலாம் என்று பார்க்க அந்தக் கணக்கு பயன்படுகிறது. அதே கணக்கை லயத்துக் கதவில் எழுதி ஒட்டுவதற்கு மட்டும் எவருக்கும் கை வரவில்லை.

நமது சனங்களின் கடல் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்காமல் இல்லை. நம் முன்னோர் கடல் தாண்டி வந்தவர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல்தான் அவர்களுக்குக் கடல். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்தியாவுக்கு அனுப்ப ஐந்தே கால் லட்சம் பேர் என்று எங்கள் தலைகளை எண்ணி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியே புயலில் போனது. ஒரு பயணிகள் ரயில் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டது. போகச் சொன்ன வழியைக் கடல் விழுங்கிய செய்தி லயங்களில் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்தப் பயத்தைப் பழிக்க மாட்டேன். அறுபது வருடப் பழைய பயத்தை இன்றைய வீட்டுக் கணக்கில் போடுவதைத்தான் பழிக்கிறேன்.

பயப்படுவதற்கு நமக்குச் சொந்தமான பெயர்களே இருக்கின்றன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்குக் கிளம்பியிருந்த பிள்ளைகளில் பலர் பிழைத்தார்கள், வீட்டிலிருந்த பெற்றோர் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் சொல்லியாகிவிட்டது. மாற்றவில்லை. கடல் தாண்டி மூணாற்றுப் பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு எழுபது பேர், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்ததால் வெளியுலகத்துக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் போனது. 2024 ஜூலை 30 வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை. அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம். வேறு நாடு, வேறு அரசு, வேறு கம்பனி; ஆனால் சரிவில் வெட்டிய மேடையில் வரிசையாகக் கட்டிய பத்தடி அறைகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

மலை பாதுகாப்பானது என்ற நம்பிக்கையால் யாருக்கு இலாபம் என்று கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆட்கள் இங்கேயே இருப்பதால் தோட்டத்துக்குப் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், கை குறைவதில்லை. லயத்துக்கு வாடகை இல்லை என்பதைச் சலுகையாகச் சொல்கிறார்கள். வேலையை விட்டால் வீடும் கேள்விக்குறி என்பதைச் சொல்வதில்லை. அரசியல்வாதிக்கு வாக்கு சிதறுவதில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து பத்தாயிரம் வீடு என்று அறிவித்தார், அதற்கு முன்பே நாலாயிரம் இருந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்றும் பேச்சு வந்தது. வீடுகள் வந்தன, மெதுவாக, சில இடங்களில் உறுதிப்பத்திரம் இல்லாமல். டித்வாவுக்குப் பிறகு வீட்டை முற்றாக இழந்தவர்களுக்கு ஐம்பது லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தபோது தோட்டங்களில் எழுந்த முதல் கேள்வி இதுதான்: லயம் யாருடைய வீடு? பரம்பரையாகக் குடியிருந்தவன், நான் இழந்தது என் வீடு என்று நிரூபிக்க வேண்டிய நிலை. மலை பாதுகாப்பானது என்ற பேச்சு இந்தக் கேள்வியைத்தான் இத்தனை காலமும் மூடி வைத்திருந்தது.

அதற்காக, "எல்லோரும் மூட்டையைக் கட்டுங்கள், வடக்கு கிழக்குக்கு வாருங்கள்" என்று டித்வாவுக்குப் பிறகு எழுந்த அழைப்புகளுக்கு நான் தலையாட்டப் போவதில்லை. அந்தப் பாதையில் ஏற்கெனவே போய்வந்தவர்கள் நாம். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஆயிரக்கணக்கில் போனார்கள். டொலர் பாம், கென்ட் பாம் என்ற பண்ணைகளில் குடியேறியவர்கள் 1984இல் விரட்டப்பட்டார்கள். வன்னியில் தங்கியவர்கள் 2009 வரை யுத்தத்தை முழுதாகச் சுமந்தார்கள். இன்னும் பலருக்குக் காணி உறுதி கிடையாது. கவனியுங்கள், அவர்களை அழித்தது புயல் இல்லை. காலடி மண்ணுக்கு ஒரு கடதாசி இல்லாமல் அடுத்தவன் தயவில் குடியிருந்ததுதான் முதல் அழிவு. தயவில் குடியிருப்பவன் எப்போதும் யாருக்கும் வேண்டாத இடத்தில்தான் குடியிருப்பான்: மலையென்றால் சரிவில், கரையென்றால் களப்பு ஓரத்தில்.

ஆகவே குடிபோவதா இல்லையா என்று நிறுத்துப் பார்க்கும் குடும்பம் மலையா கடலா என்ற தராசைத் தூக்கிப் போடட்டும். போகிற இடத்துக் காணி யார் பெயரில் வரும்? கடலிலிருந்து எவ்வளவு தூரம், மேடா பள்ளமா? கூரை கொங்கிரீட்டா தகரமா? 1978ஐ நினைவில் வைத்திருக்கும் அயலவரிடம் அன்று தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேட்டீர்களா? புயலென்றால் ஓடிப்போகும் பாடசாலை எது, நடந்து போகலாமா? வேலை என்ன? தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் வருமா? பிறகு அதே கேள்விகளைப் பட்டிப்பொலவில் இப்போது இருக்கும் வீட்டைப் பார்த்தும் கேளுங்கள். பின்னால் மண்வெட்டு இருக்கிறதா, கான் அடைத்துக் கிடக்கிறதா, சுவரில் புதிய வெடிப்பு உண்டா, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புகிறதா, மரம் சாய்ந்து நிற்கிறதா? மலைக்குச் சாதகமாகப் பதில் வந்தால் தாராளமாக இருங்கள். பட்டிப்பொலவிலும் உறுதியான பாறைமேல் நல்ல வீடுகள் உண்டு. நுவரெலியா மாவட்டத்திலேயே பாதுகாப்பான காணியும் உண்டு, அதில் நமக்குப் பங்கு கேட்பது நம்முடைய முதல் உரிமை. கடலுக்குச் சாதகமாக வந்தால் பெரியவர்களின் புயல் கதைக்காகப் பிள்ளைகளைச் சரிவில் படுக்க வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் இந்த மாதமே செய்யலாம். உங்கள் லயம் நிற்கும் இடம் எந்த ஆபத்து வலயத்தில் வருகிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் பிரதேச செயலகம் வழியாக எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், பதிலையும் எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். லயத்தில் இருக்கும் எல்லாக் குடும்பமும் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி உங்கள் சங்கத்துக்கு, ஒரு பிரதி உங்களிடம்.