‘கனவா இருக்கும், சாப்பிடு!’

லவ் ஸ்டோரி மாதிரிதான் ஆரம்பிக்குது. மாலா டெல்லிப் பொண்ணு. தீபக் அவளை உருகி உருகி லவ் பண்றான். அவளோ எந்த ஆணோடயும் முப்பது நாளுக்கு மேல பழக மாட்டா. காலண்டர்ல நாள் குறிச்சு வெச்சு, கரெக்டா ‘குட்பை’! ‘என்னடா, ஓவர் சீனா இருக்கே’னு பக்கத்தைத் திருப்பினேன். அதோட சிரிப்பு நின்னு போச்சு.

மகேஷ் தத்தானியோட ‘தர்ட்டி டேஸ் இன் செப்டம்பர்’ நாடகம் பாஸ் இது. சாகித்ய அகாடமி விருது வாங்கின பெங்களூர்க்காரர். சின்ன வயசுல சொந்தக்காரங்களாலயே பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களோட வேலை செய்யற டெல்லி ‘ராஹி’ அமைப்பு கேட்டுக்கிட்டதால எழுதினது. 2001-ல லில்லெட் தூபே இயக்கத்துல மும்பை பிருத்வி தியேட்டர்ல மேடையேறிச்சு.

மாலாவுக்கு அது நடந்தப்போ வயசு ஏழு. செஞ்சது தாய்மாமன். இத்தனை வருஷம் கழிச்சு அம்மா சாந்தாகிட்ட கேட்கறா, ‘உனக்குத் தெரியும்தானே?’னு. அம்மாவோ கிருஷ்ணர் படத்துக்கு முன்னாடி போய் நின்னுக்கறாங்க. ‘நீ சின்னப் பொண்ணு, கெட்ட கனவைக் குழப்பிக்கிட்டிருப்ப’ங்கற மாதிரி பேசறாங்க. அப்புறம், ‘ஆலு பரோட்டா செஞ்சு வெச்சிருக்கேன், உனக்குப் பிடிக்குமே!’ அன்னிக்கு ஏழு வயசுல அழுதுக்கிட்டே வந்தப்பவும் அம்மா சாப்பாடுதான் ஊட்டிவிட்டாங்களாம். எனக்கு வயித்தைப் பிசைஞ்ச இடம் அது.

ஞாபகம்கறது நம்ம ஹார்ட் டிஸ்க் ஃபைல் மாதிரி கிடையாது. 1995-ல அமெரிக்காவுல எலிசபெத் லாஃப்டஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. ‘சின்ன வயசுல நீ ஒரு ஷாப்பிங் மால்ல தொலைஞ்சு போனே, உங்க வீட்டுல சொன்னாங்க’னு 24 பேர்கிட்ட ஒரு கதை விட்டாங்க. கடைசி வரைக்கும் 6 பேர், நடக்கவே நடக்காத அது ஞாபகம் இருக்குன்னு சொன்னாங்க!

‘அப்ப மாலா சொல்றதும் டுபாக்கூரா இருக்கலாமே’ன்னு ஒருத்தன் கேட்பான். நானே பாதி நாடகம் வரைக்கும் அப்படித்தான் யோசிச்சேன், வெட்கமா இருக்கு. ஆனா கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. வீட்டு ஆளுங்க பேரைச் சொல்லி நடக்காததை நம்ப வைக்க முடியும்னா, நடந்ததை ‘நடக்கலை’ன்னு நம்ப வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுவும் சொல்றது பெத்த அம்மா. எதிர்ல நிக்கறது ஏழு வயசு. மாலாவுக்கு சந்தேகம் வந்தது மூளைக்குள்ள இருந்து இல்லை, கிச்சன்ல இருந்து.

தீபக் கேரக்டர் மட்டும் கொஞ்சம் ஓவர் நல்லவன். இவ்ளோ பொறுமையா ஒரு பாய் ஃப்ரெண்டா? நம்பறது கஷ்டம். போகட்டும்.

க்ளைமாக்ஸைச் சொல்லாம இதை முடிக்க முடியலை, மன்னிச்சுக்கோங்க. சாந்தாவையும் அதே ஆள், அவங்களோட சொந்த சகோதரனே, ஆறு வயசுல இருந்து பத்து வருஷம் சீரழிச்சிருக்கான். வெளியில சொல்ல வாய் வரலை. மறந்தாத்தான் உயிரோட இருக்க முடியும்னு மறந்தாங்க. தன் வலியவே மறந்தவங்களுக்குப் பொண்ணோட வலி எப்படி ஞாபகம் இருக்கும்?

நாடகம் வந்து ஆறு வருஷம் கழிச்சு, 2007-ல மத்திய அரசோட ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 13 மாநிலங்கள்ல குழந்தைகளைக் கேட்டதுல 53 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு பாலியல் தொல்லையைச் சொல்லியிருந்தாங்க. பாதிப் பேர் விஷயத்துல, செஞ்சது தெரிஞ்ச ஆள்தான்.

படிச்சு முடிச்சதும் முதல் காட்சியில இருந்து மறுபடி திருப்பினேன். பரோட்டா, கிருஷ்ணர் படம், ‘மறந்துடு’... அதே வசனங்கள்தான். முதல் தடவை சாந்தா மேல வந்த கோபம் மட்டும் வரலை. கடைசியில மாலாதான் அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கறா.