கட்டைகளும் கற்பனையும்

ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளுக்கு, டென்மார்க் நாட்டு லெகோ நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரியது. எட்டுக் குமிழ்களை உடைய ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் போதும். அவற்றை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். கட்டை இன்றும் அதுவே. ஆயினும், இன்று விற்கும் பெட்டிகள் பலவற்றில் கப்பலோ கோட்டையோ முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. உடன்வரும் தாளைப் பார்த்துச் சிறுவன் வரிசையாக அடுக்குகிறான். கப்பல் உருவாகிறது, அலமாரி ஏறுகிறது.

இதனால் கற்பனை அழிந்தது என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கோலம் பழகுவோரும் முதலில் பிறர் இட்டதைப் பார்த்தே இடுகின்றனர். தீங்கு தாளில் இல்லை. விலை மிகுந்த பொருளாயிற்றே என்று, கட்டியதைக் கலைக்க விடாத பெரியோரிடம் இருக்கிறது. மணலில் கட்டிய சிற்றிலைக் கலைக்க எவரைக் கேட்க வேண்டும்?

சவ்வாது மலைப்பகுதியில், ஆலங்காயத்தை அடுத்துள்ளது காவலூர். அங்கே 1968-இல் வானாய்வைத் தொடங்கி வைத்த 38 செ.மீ. தொலைநோக்கி, நம் கோடைக்கானலிலேயே செய்யப்பட்டது. அக்காவலூரின் கவிகை மாடத்தைக் கட்ட ஆலங்காயத்துச் சிறுமி ஒருத்தி விரும்பினால், கப்பலைப் பிரிக்கத்தான் வேண்டும். வழிகாட்டும் தாளும் இராது. நேரான கட்டைகளால் வளைவை எவ்வாறு ஆக்குவது என்று முதலில் திகைப்பாள். பின்னர் ஒவ்வோர் அடுக்கையும் சிறிது உள்தள்ளி வைத்துப் பார்ப்பாள். பொருந்தாதாயின் பிரித்து மீண்டும் வைப்பாள்.